மால்டா பாறையில் பார்த்த நெருப்புப் புழு: விஷமா, வெறும் சுணையா?

மால்டாவில் வேலை பார்க்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். விடுமுறை நாளில் நண்பர்களோடு கடலில் குளிக்கப் போயிருக்கிறார். முழங்கால் ஆழத்தில், பாறை இடுக்கில், ஒரு சாண் நீளத்துக்குக் கம்பளிப்பூச்சி போல ஒன்று ஊர்ந்திருக்கிறது. கூட வந்தவர் அதைக் கையில் எடுக்கப் போக, விரலெல்லாம் தீப்பட்டது போல எரிந்து, இரண்டு நாள் வீங்கிக் கிடந்ததாம். இணையத்தில் தேடினால் 'கொடிய விஷப்புழு', 'தொட்டால் பக்கவாதம்' என்று போட்டிருக்கிறார்களாம். இது விஷப்புழுதானா, எங்கிருந்து வந்தது, இனிமேல் கடலில் இறங்கலாமா, நம்மூர்க் கடலிலும் உண்டா என்று நான்கு கேள்வி. நான்கையும் சேர்த்துப் படித்தால், எவ்வளவு பயப்பட வேண்டும் என்பதுதான் அடியில் இருக்கிற கேள்வி என்று தோன்றுகிறது. கை வைக்காதவரை பயமே வேண்டாம். கை வைத்தால் படாத பாடு படுவீர்கள், ஆனால் தேறிவிடுவீர்கள்.

விரிவாகச் சொல்வதற்கு முன் ஒரு விஷயம். நான் மருத்துவர் இல்லை. பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் படித்துவிட்டு, இருபது வருஷத்துக்கு மேல் இழுவலையில் மீனோடு சேர்ந்து வரும் கழிவைத் தட்டில் கொட்டிப் புழு பொறுக்கியவன். மத்தியதரைக் கடலில் இறங்கியதில்லை. நீங்கள் பார்த்த இனத்தைப் பற்றிச் சொல்வதெல்லாம் படித்ததும், பாட்டிலில் பதப்படுத்தி வைத்த மாதிரிகளைப் பார்த்ததும்தான். அதன் உறவுக்காரப் புழுக்களிடம் பட்ட அனுபவம் மட்டும் சொந்தம்.

உங்கள் விவரிப்பிலிருந்து, அது ஹெர்மோடிசே கருங்குலாட்டா என்பதில் எனக்குப் பெரிய சந்தேகமில்லை. தாடி நெருப்புப் புழு என்பார்கள். இத்தாலிய மீனவர்கள் வைத்த பெயர் 'வெர்மோகானே', அதாவது நாய்ப்புழு. மண்புழுவும் அட்டையும் சேர்ந்த வளைத்தசைப் புழுக் கூட்டத்தில், கடலில் வாழும் பாலிகீட்டா பிரிவு. கல்லூரியில் விலங்கியல் எடுத்தவர்கள் நீரிஸ் என்று ஒன்றைப் படம் வரைந்திருப்பார்கள், அந்த வகையறா. பீட்டர் சைமன் பல்லாஸ் என்ற ஜெர்மானிய இயற்கையாளர் 1766-இல் இதற்கு முதலில் அறிவியல் பெயர் வைத்தார். வழக்கமாக 15 முதல் 30 செ.மீ. இருக்கும். மத்தியதரைக் கடலில் 70 செ.மீ. வரை வளர்ந்தவையும் பதிவாகியிருக்கின்றன. உடல் முழுக்க வளையம் வளையமாக இருக்கும். ஒவ்வொரு வளையத்தின் இரு பக்கமும் சிவப்போ ஆரஞ்சோ நிறத்தில் புதர் மாதிரி ஒரு செவுள், அதை ஒட்டி வெள்ளையாக ஒரு கொத்துச் சுணை. தலையில் மடிப்பு மடிப்பாக, கோழிக்கொண்டை போல ஒரு சதை. 'கருங்குலாட்டா' என்ற பெயரே அந்தக் கொண்டையிலிருந்து வந்தது. அது அலங்காரத்துக்கு இல்லை, தண்ணீரில் கரைந்து வரும் வாசனையைப் பிடிக்கிற உறுப்பு. இந்தப் புழுவுக்கு மூக்கு அங்கேதான்.

சும்மா ஊர்ந்துகொண்டிருக்கும்போது அந்த வெள்ளைக் கொத்துகள் உள்வாங்கி, ஓரத்தில் பஞ்சு ஒட்டினாற்போல் மட்டும் தெரியும். அதனால்தான் பார்க்கிறவர்களுக்கு எடுத்துப் பார்க்கத் தோன்றுகிறது. தொட்டவுடன் உடம்பை வளைத்து, அத்தனை கொத்தையும் சிலிர்த்துக்கொள்ளும். சுணை என்ற சொல்லை வேண்டுமென்றேதான் பயன்படுத்துகிறேன். பூனைக்காலி நெற்றைத் தொட்டவர்களுக்கும், மூங்கில் குருத்தைக் கையால் உருவியவர்களுக்கும் சுணை என்றால் என்னவென்று விளக்க வேண்டாம். இங்கே வித்தியாசம், இந்தச் சுணை சுண்ணாம்பால் ஆனது. கால்சியம் கார்பனேட், நம் சிப்பி ஓட்டில் இருக்கிற அதே பொருள். கண்ணாடி இழை மாதிரி, தொட்ட மாத்திரத்தில் ஒடியும். முதுகுப் பக்கத்துச் சுணைகளில் சில வகைக்கு, நுனியை ஒட்டிப் பின்னோக்கிய முட்கள் வரிசையாக இருக்கும். தூண்டில் முள் போல, உள்ளே போவது சுலபம், திரும்பி வருவது கஷ்டம்.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். ஒரு மீன் இறங்குதளத்தில் விடியற்காலை, விசைப்படகுக் கழிவைக் குவித்து வைத்திருந்தார்கள். அதில் வெள்ளரிப் பிஞ்சு அளவில், பொன்னிற மயிரோடு, முதுகில் வளையத்துக்கு ஒன்றாக ஊதாப் பொட்டு வைத்த ஒரு புழு. குளோயியா என்ற வகை, உங்கள் மால்டா புழுவின் குடும்பமேதான், ஆம்பினோமிடே. அவ்வளவு அழகான புழுவை நான் அதுவரை உயிரோடு பார்த்ததில்லை. மெல்லிய ரப்பர் கையுறை போட்டிருந்தேன், போதும் என்று நினைத்தேன். எடுத்த உடனே ஒன்றும் தெரியவில்லை. புழுவைப் பாட்டிலில் போட்டு மூடும்போதுதான் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் ஒரு குறுகுறுப்பு. ஐந்து நிமிஷத்தில் அது எரிச்சலாகிவிட்டது. அப்புறம் நான் செய்ததுதான் பெரிய முட்டாள்தனம்: கையுறையைக் கழற்றி விரலை விரலோடு தேய்த்தேன். பரிசோதனைக் கூடத்துக்கு வந்து கையுறையை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது, ரப்பரைத் துளைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கில் ஒடிந்த சுணைகள், வைக்கோல் போரில் செருகிய ஈர்க்குச்சிகள் மாதிரி நின்றன. மூன்று நாள் பேனா பிடிக்க முடியவில்லை.

சரி, இது விஷமா? இந்த இடத்தில் நிச்சயமானதையும் சந்தேகமானதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். தமிழில் ஒரு சிக்கல் இருக்கிறது. தின்றால் கொல்லும் அரளிக்கும் விஷம் என்கிறோம், கொத்திச் செலுத்தும் பாம்புக்கும் விஷம் என்கிறோம். உயிரியலில் இரண்டும் வேறு. இரண்டாவது வகையில் சேர்க்க வேண்டுமானால் நஞ்சு ஊறும் சுரப்பி வேண்டும், அதை அடுத்தவர் உடம்புக்குள் செலுத்த ஒரு கருவியும் வேண்டும். பாலிகீட்டாக்களிலேயே இதற்குச் சந்தேகமில்லாத உதாரணம் கிளிசெரா என்ற ரத்தப்புழு. அமெரிக்காவின் மெய்ன் கரையில் தூண்டில் இரைக்காகத் தோண்டி விற்பார்கள். நான்கு தாடை, அவற்றில் செப்புக் கனிமம், தாடைக்கு ஒன்றாக நஞ்சுச் சுரப்பி. அது கடித்தால் குளவி கொட்டினாற்போல் இருக்கும். நெருப்புப் புழுவுக்கு அப்படித் தாடையே கிடையாது. ஆகவே அது உங்களைக் கடிக்காது.

சுணை வழியாக நஞ்சு வருகிறதா என்பதில்தான் இழுபறி. பல வருஷம் பாடப்புத்தகங்கள், சுணை ஊசி மாதிரி உள்ளே குழாயாக இருக்கிறது, அதற்குள் நஞ்சு இருக்கிறது என்றே எழுதின. 1985-இல் இந்தக் குடும்பத்துப் புழுக்களின் பக்கக்கால்களை, அதாவது சுணைக் கொத்து முளைக்கிற இடங்களை, வெட்டிப் பார்த்த ஓர் ஆய்வு, நஞ்சு சுரக்கும் சுரப்பி எதுவும் அங்கே இல்லை என்றது. பிற்பாடு, அந்தக் 'குழாயே' உண்மையா என்ற கேள்வியும் வந்தது. மாதிரியைப் பதப்படுத்த ஊற்றும் ஃபார்மலின் அமிலத்தன்மையோடு இருந்தால், அதில் போட்ட சுண்ணாம்புச் சுணை கரையும். இந்தத் தொழிலில் முதல் வருஷமே எல்லோரும் இதில் ஒரு நல்ல மாதிரியைக் கெடுத்துவிட்டுத்தான் கற்றுக்கொள்கிறார்கள். அப்படியானால் நுண்ணோக்கியில் தெரிந்த வெற்றிடம், புழு உயிரோடு இருக்கையில் சுண்ணாம்பு நிரம்பியிருந்த இடமாகவும் இருக்கலாம் அல்லவா? எனக்கு இந்த வாதம் வலுவாகப் படுகிறது. இன்னொரு பக்கம், 2008-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் யூரித்தோயே என்ற உறவுப் புழுவிலிருந்து காம்ப்ளனைன் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதை எலியின் பாதத்தில் செலுத்தினால் வீக்கம் வந்தது. மால்டா புழுவிலும் அதே வகைப் பொருள்களைக் கண்டிருக்கிறார்கள். 2018-இல் வந்த ஒரு மரபணு ஆய்வு, மூன்று நெருப்புப் புழு இனங்களில், மற்ற விஷ உயிர்களின் நஞ்சுகளை ஒத்த பல மரபணுக்கள் செயல்படுவதைக் காட்டியது. ஆக, உடம்பில் எரிச்சலூட்டும் சரக்கு இருப்பது நிச்சயம். சுணை தோலில் ஒடிந்து தங்குவதும் நிச்சயம். அந்தச் சரக்கு சுணையின் உள்ளே வருகிறதா, மேலே பூசிக்கொண்டு வருகிறதா, கூடவே கசிகிறதா என்பதில்தான் ஒத்த கருத்து இல்லை. என் நண்பர்கள் சிலர் கண்ணை மூடிக்கொண்டு 'விஷப்புழு' என்றே எழுதுகிறார்கள். நான் இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம் என்று நினைக்கிற கட்சி.

பக்கவாதம் என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம். எரிச்சல், சிவப்பு, வீக்கம், அரிப்பு, குத்திய இடம் மரத்துப்போவது, இவை எல்லாம் உண்டு. விரல் மரத்துப்போனதைத்தான் யாரோ பக்கவாதமாக்கிவிட்டார்கள் என்பது என் ஊகம். பெரும்பாலும் சில மணி நேரத்திலிருந்து சில நாளுக்குள் அடங்கும், அரிப்பு மட்டும் சிலருக்கு வாரக்கணக்கில் நீளும். இதனால் ஆள் இறந்ததாக நான் படித்த மருத்துவக் குறிப்பு எதிலும் இல்லை.

பட்டுவிட்டால் என்ன செய்வது? தேய்க்கக் கூடாது, இது முதல் விதி. துண்டால் துடைப்பதும் தேய்ப்புதான். பசையுள்ள டேப்பை அந்த இடத்தில் மெதுவாக ஒட்டி, சட்டென்று உரித்து எடுங்கள். புது டேப் போட்டு நாலைந்து தடவை செய்தால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சுணைகள் பெரும்பகுதி வந்துவிடும். பெரிதாகத் தெரிகிறவற்றுக்கு இடுக்கி. அப்புறம் கழுவலாம். காடி (வினிகர்) ஊற்றினால் சுண்ணாம்பு கரையும் என்று கடலோடிகள் சொல்வார்கள். கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது, ஆனால் முறையாகச் சோதித்துப் பார்த்த ஆய்வு எதையும் நான் பார்த்ததில்லை. கை பொறுக்கிற சூட்டில் வெந்நீர் வைத்து அதில் கையை வைத்திருப்பதும் அப்படித்தான், சிலருக்குச் சுகமாக இருக்கிறது. கண்ணில் பட்டால் வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம், நேராக மருத்துவரிடம் போங்கள். மூச்சுத் திணறல், முகம் வீங்குதல், தலைச்சுற்றல் வந்தால் ஒவ்வாமை. மால்டாவில் அவசர எண் 112, உடனே கூப்பிடுங்கள். உங்கள் நண்பருக்கு இரண்டு நாளில் வீக்கம் வடிந்துவிட்டது என்பதால் இனிக் கவலைப்பட ஒன்றுமில்லை. சிவப்பு மறுபடி பரவினாலோ சீழ் வைத்தாலோ மட்டும் காட்டிவிடட்டும்.

கடலில் இறங்கலாமா என்றால், தாராளமாக இறங்கலாம். அது நீந்தி வந்து துரத்துகிற பிராணி இல்லை, ஊர்வதே மெதுவாக. பாறை இடுக்கு, கல்லடி, பவளத் துண்டுக் குவியல், கடற்புல் மேடை, இவைதான் அதன் வீடு. கரையோரத்து ஒரு முழ ஆழத்திலும் இருக்கும், ஆழ்ந்த இடங்களிலும் கிடைத்திருக்கிறது. வெயில் ஏறியதும் பதுங்கி, பொழுது சாயும்போது மேய வரும். ஆனால் செத்த மீன் வாசனை வந்தால் பகலென்று பார்க்காது, கூட்டமாக வந்து மொய்க்கும். நீங்கள் தற்செயலாக மாட்டிக்கொள்ளக்கூடிய இடம், பாறையைப் பிடித்து ஏறுகிற நேரம். கையை வைக்குமுன் இடுக்கைப் பாருங்கள், காலுக்குத் தண்ணீரில் போடும் ரப்பர் செருப்பு போட்டுக்கொள்ளுங்கள்.

அது சாப்பிடுகிற விதம் தனிக் கதை. தாடை இல்லை என்றேன் அல்லவா, தொண்டையையே வெளியே பிதுக்கி இரையின் மேல் கவிழ்த்துவிடும். கரீபியன் கடலில் மான்கொம்புப் பவளத்தின் கிளை நுனியை, குழந்தை குச்சி ஐஸ் சப்புவது மாதிரி, வாய்க்குள் திணித்துக்கொண்டு கிடக்கும். நகர்ந்து போன பிறகு பார்த்தால் நுனியில் சதை இருக்காது, வெள்ளை எலும்புக்கூடு மட்டும். அந்தப் பவளம் 2006-லிருந்து அமெரிக்காவின் அழியும் ஆபத்திலுள்ள இனங்கள் பட்டியலில் இருக்கிறது. நட்டு வளர்க்கப் பாடுபடுகிறவர்களுக்கு இந்தப் புழு ஒரு தீராத தலைவலி. மத்தியதரைக் கடலில் பெரிய பவளத்திட்டு கிடையாது என்பதால் அங்கே கடல் சாமந்தி, நட்சத்திர மீன், கடல் முள்ளெலி, செத்தது சாகாதது எல்லாம்.

பவளத்துக்கும் இதற்கும் இன்னொரு பழைய வழக்கு உண்டு. இஸ்ரேல் கரையில் ஒகுலினா படகோனிகா என்ற பவளம் கோடைதோறும் வெளுத்துப்போனது. விப்ரியோ ஷிலோய் என்ற பாக்டீரியாதான் காரணம் என்று 1990-களில் அங்குள்ள ஆய்வாளர்கள் காட்டினார்கள். குளிர்காலத்தில் அந்தக் கிருமி பவளத்தில் இல்லையே, எங்கே போகிறது என்று தேடினால், நெருப்புப் புழுவின் உடம்பில் இருந்தது. கொசு மலேரியாவைப் பரப்புவது போல, இந்தப் புழு பவளத்துக்கு நோய் கடத்துகிறது என்று 2003-இல் எழுதினார்கள். அழகான கண்டுபிடிப்பு, வகுப்பில் நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆனால் அதே காலத்தில் அந்தப் பவளம் கிருமிக்கு மசியாமல் போய்விட்டது. ஆய்வகத்தில் தொற்றவைத்துப் பார்த்தாலும் தொற்றவில்லை, கடலிலிருந்து எடுத்த பவளத்திலும் கிருமி கிடைக்கவில்லை. கூட வாழும் நல்ல பாக்டீரியாக்கள் காப்பாற்றியிருக்கலாம் என்று அந்த ஆய்வாளர்களே பிறகு ஒரு கருத்து வைத்தார்கள். வெளுப்புக்குக் கிருமி காரணமே இல்லை, கடல் சூடுதான் என்று வேறு சிலர் மறுத்தார்கள். இன்றைக்கும் இணையத்தில் 'பவள நோயைப் பரப்பும் புழு' என்று உறுதியாக எழுதியிருப்பதைப் பார்த்தால், இந்தப் பின்கதையையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு: வந்தேறி இல்லை, அந்தக் கடலின் பழைய குடிதான். அட்லாண்டிக்கின் இரு கரையிலும் மத்தியதரைக் கடலிலும் இருப்பவை ஒரே இனம் என்று 2013-இல் மரபணு ஒப்பீடு காட்டியது. குஞ்சுப் பருவத்தில் நீரோட்டத்தில் நீண்ட நாள் மிதப்பதால் இப்படிக் கடல் கடந்து கலக்கின்றன என்று நினைக்கிறார்கள். அரிஸ்டாட்டில் தன் விலங்கு நூலில் 'கடல் பூரான்' என்று ஒன்றைச் சொல்கிறார். தூண்டிலை விழுங்கினால் உள்ளதை வெளியாகப் புரட்டி முள்ளைத் துப்பிவிடுமாம், வாயால் கடிக்காதாம், உடம்பு முழுவதாலும் சுடுமாம். தொண்டையைப் பிதுக்கும் பழக்கத்தையும் சுணையையும் பார்த்தவர்தான் இப்படி எழுத முடியும் என்று சிலர் சொல்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைக்கிறேன். மாறியிருப்பது எண்ணிக்கைதான். சூடு விரும்பும் புழு, கடலும் சூடாகிறது. தெற்கு இத்தாலியின் சிசிலியிலும் கலாப்ரியாவிலும், மால்டா பக்கமும் முன்பைவிடப் பெருகி, வடக்கேயும் நகர்கிறது. வலையில் சிக்கிய மீனை இழுப்பதற்குள் தின்றுவிடுவதாலும், வலை பிரிக்கும்போது கையைப் பதம் பார்ப்பதாலும் அங்குள்ள சிறு மீனவர்கள் நொந்துபோயிருக்கிறார்கள். கோபத்தில் வெட்டித் திரும்பக் கடலில் எறிவது வீண் வேலை. வெட்டுப்பட்ட வாலை இது மறுபடி வளர்த்துக்கொள்ளும். யூரித்தோயேவுக்கோ துண்டுகளே தனிப் புழுவாகும் வித்தை கைவந்தது. பொறி வைத்துப் பிடித்துக் கரையேற்றும் முயற்சிகள் நடக்கின்றன.

நம்மூருக்கு வருவோம். மால்டாவில் நீங்கள் பார்த்த அதே இனத்தை நம் கரையில் நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். மன்னார் வளைகுடாத் தீவுகளில் செத்த பவளக் கல்லைப் புரட்டினால் அடியில் வெளிர் ஆரஞ்சு நிறத்தில், வெள்ளைச் சுணையோடு கிடப்பது யூரித்தோயே. எல்லாப் புத்தகத்திலும் யூரித்தோயே காம்ப்ளனாட்டா என்று இருக்கும். ஆனால் அந்த ஒரு பெயருக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட இனம் ஒளிந்திருப்பது 2010-இல் மரபணு ஆய்வில் தெரிந்துவிட்டது, அதனால் நம் புழுவை அந்தப் பெயரில் கூப்பிட எனக்குத் தயக்கம். கடல் மீன் தொட்டி வைத்திருப்பவர்களிடமும் கல்லோடு ஒட்டிக்கொண்டு இதே வகையறா வந்து சேர்ந்துவிடும். மணலும் சேறுமான அடித்தளத்தில் குளோயியா இருக்கிறது, என் விரலைப் பதம் பார்த்தது. இத்தனை சுணையையும் மீறி யூரித்தோயேவை விரும்பித் தின்கிற பிராணி ஒன்று இந்துமாக் கடலில் உண்டு: கோனஸ் இம்பீரியாலிஸ் என்ற கூம்புச் சங்கு. அதற்கு இருப்பது சந்தேகத்துக்கே இடமில்லாத விஷ ஊசி.

அடுத்த முறை பார்த்தால் படம் எடுத்து அனுப்புங்கள். மேலிருந்து ஒன்று, தலைக் கொண்டை தெரியும்படி. பக்கவாட்டில் ஒன்று, செவுள் தெரியும்படி. அளவுக்குப் பக்கத்தில் ஒரு நாணயத்தை வையுங்கள், விரலை வைக்காதீர்கள்.